மார்கழியிலேயே தொடங்குங்கள், பரணை விட்டுவிட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை முடியப் போகிறது. இன்னும் சில வாரங்களில் எல்லா நாளிதழ்களிலும் வழக்கமான வேண்டுகோள் வரும்: போகிக்கு டயர், டியூப், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். வர வேண்டியதுதான். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்துகொண்டதில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் எரிக்காமல் அந்தச் சாமானை என்ன செய்வது, வீட்டை எந்த வரிசையில் ஒழிப்பது, தை பிறப்பதற்குள் ஒழித்த வீடு மாசிக்குள் ஏன் மறுபடி அடைந்துவிடுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அந்த அடைசல் வீட்டில் இருப்பவர்களின் மனத்தை என்ன செய்கிறது என்பதும் பேசப்படுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளம்.

'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற வரியைப் போகிக்குப் போகி எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நன்னூல் அதைச் சொன்னது மொழி வழக்கைப் பற்றி. கிழிந்த பாயைப் பற்றி அல்ல. சொற்கள் ஒரே நாளில் கழிவதில்லை. காலப்போக்கில், ஒவ்வொன்றாகத்தான் கழிகின்றன. வீட்டுச் சாமானுக்கும் அந்த வேகமே பொருந்தும்.

அடைசல் மனத்தைப் பாதிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்றால், ஓரளவு உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளிடம் அவரவர் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொல்லி, அந்தப் பேச்சைப் பதிவு செய்தார்கள். உடலில் மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாயக் குறைய வேண்டும். வீட்டைப் பற்றிப் பேசும்போது அடைசல், முடியாத வேலை என்றே அதிகம் சொன்ன மனைவிமார்களுக்கு அது சரியாகக் குறையவில்லை. மாலையில் மனச்சோர்வும் கூடியது. கணவன்மார்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. வீட்டை ஒழிப்பது யார் தலையில் விழுகிறது என்பதை யோசித்தால் இதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. ஆனால் எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. மனம் சோர்ந்தவர் வீட்டை ஒழிக்க முடியாமல் விட்டிருக்கவும் கூடும்.

இன்னோர் ஆய்வு 2011-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியானது. பார்வைக்குள் பல பொருட்கள் ஒன்றாக இருந்தால் அவை மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன, ஒன்றின் மீது மட்டும் கவனம் வைக்க மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது என்று அதில் கண்டார்கள். கீழே சொல்லப் போகும் வேலை வரிசைக்கு இது முக்கியம்.

ஒரு சாமான் வீட்டில் இருப்பதால் மட்டும் களைப்பு வருவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் 'இதை என்ன செய்யலாம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறோம் அல்லவா, அந்தத் தள்ளிப்போடலில்தான் களைப்பு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பிரிக்காத கூரியர் உறை, கைப்பிடி கழன்ற குக்கர், திருப்பிக் கொடுக்க வேண்டிய அடுத்த வீட்டு டப்பா: மூன்றும் மூன்று முடியாத வேலைகள். ஒரு நாளில் இருபது முறை அந்த மேசையைக் கடந்தால் இருபது முறையும் அவை ஞாபகப்படுத்துகின்றன. ஆகவே வீட்டை ஒழிப்பது என்றால், முடிவெடுக்காமல் விட்டவற்றுக்கு முடிவெடுப்பது. தூசி தட்டுவதெல்லாம் அதற்கு அடுத்தது.

இதனால்தான் பரணில் தொடங்காதீர்கள் என்கிறோம். நம் ஊரில் ஒழிப்பது என்றாலே ஏணியைப் போட்டுப் பரணில் ஏறுவதுதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் கூடத்தில் இறக்குவார்கள். பன்னிரண்டு மணி வரை உற்சாகம். பிற்பகல் மூன்றுக்குப் பழைய ஆல்பம் கையில் வரும், அதோடு வேலை நின்றுவிடும். ஐந்து மணிக்கு யாரோ வீட்டுக்கு வருகிறார்கள் என்று போன் வரும். இறக்கிய அத்தனையும் அப்படியே மேலே ஏறும், முன்பு இருந்த ஒழுங்கும் இல்லாமல். அன்றிரவு மிஞ்சுவது முதுகுவலியும், 'நம்மால் இது முடியாது' என்ற எண்ணமும்தான். முடிவெடுக்கும் தெம்பு மனிதனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு; இருநூறு பொருளை ஒரே நாளில் எதிரே பரப்பினால் எண்பதாவது பொருளுக்கு மேல் எல்லாமே 'இருக்கட்டும்' ஆகிவிடும். தவிர, பரண் தினமும் கண்ணில் படுவதே இல்லை. கதவு சாத்திய பரணால் மனத்துக்கு வரும் தொல்லை, கட்டிலுக்கு எதிரே துணி மலை சுமந்து நிற்கும் நாற்காலியால் வருவதைவிட மிகக் குறைவு.

சரியான வரிசை இது: முதலில் கண்ணில் படுவது, பிறகு காலில் படுவது, அதன் பிறகு கையில் படுவது, கடைசியில் பரண்.

கண்ணில் படுவது என்றால் காலையில் கண் விழித்ததும் தெரியும் இடம், வீட்டுக்குள் நுழைந்ததும் தெரியும் இடம், சாப்பாட்டு மேசை. இந்த மூன்றும் சுத்தமானாலே வீட்டில் இருப்பவர்களின் பேச்சுத் தொனி மாறுவதைக் காணலாம். காலில் படுவது என்றால் நடைபாதை: செருப்புக் குவியல், தண்ணீர் கேன், சுவரோரம் சாய்த்த மடக்குக் கட்டில். முதியவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையிலிருந்து கழிவறை வரை மூன்றடி அகலத்துக்குத் தரை வெறுமையாக இருக்க வேண்டும். இரவில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் நிம்மதி மாதக்கணக்கில் போய்விடும். கையில் படுவது என்பது தினம் திறக்கும் அலமாரி, சமையலறைத் தட்டு, மேசை இழுப்பறை.

மார்கழிக்கு 29 நாள் என்று வையுங்கள். நாளைக்கு 20 நிமிடம் என்றால் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகிறது. அறுநூறு, எழுநூறு சதுர அடி வீட்டில் பரண் நீங்கலாக மற்றதை ஒழிக்க அது தாராளம். வெயிலும் குறைவு, மே மாதத்தில் இந்த வேலையைத் தொடங்குபவர்கள் பாதியில் விடுவதற்குப் புழுக்கமே போதும். கோலம் போடுகிறவர்களுக்கு எப்படியும் விடிகாலையில் எழும் பழக்கம் இருக்கும். போனில் 20 நிமிடம் அலாரம் வையுங்கள். அடித்ததும் நிறுத்துங்கள், ஆர்வம் இருந்தாலும் நிறுத்துங்கள். நிறுத்தினால்தான் மறுநாளும் கை வரும்.

ஒரு நாளைக்கு ஓர் இழுப்பறை அல்லது ஒரு தட்டு, அவ்வளவே. அதில் இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, தட்டைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஐந்தில் ஒன்றாக முடிவு செய்யுங்கள்: இருக்கட்டும், யாருக்காவது கொடுக்கலாம், காயலான் கடைக்கு, குப்பைக்கு, பொறுத்துப் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. அதற்கு ஒரே ஓர் அட்டைப்பெட்டி, பால் பெட்டி அளவில். மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். ஆடி வரை அதைத் திறக்கவே இல்லை என்றால் உள்ளிருக்கும் எதுவும் தேவைப்படவில்லை என்று பொருள். இரண்டாவது பெட்டி வைத்தீர்கள் என்றால் புதிதாக ஒரு பரண் கட்டிவிட்டீர்கள்.

முதல் வாரத்தில் எளிதான இடங்களை மட்டும் எடுங்கள்: குளியலறைத் தட்டு, மருந்து டப்பா, ஃப்ரிட்ஜ் கதவு, ரசீது அடைத்த கைப்பை. காலாவதித் தேதி பார்த்தால் போதும், மனம் தடுமாறாது. புகைப்படம், கடிதம், குழந்தையின் முதல் சட்டை எல்லாம் கடைசி வாரத்துக்கு.

இன்னொரு தவறு, ஒழிப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் பெட்டிகளும் அடுக்குகளும் வாங்கிக் குவிப்பது. அளவு தெரியாமல் வாங்கியது பொருந்தாது. பொருந்தினாலும், தூக்கிப் போட வேண்டியதை அழகாக அடுக்கி வைப்பதோடு முடியும். எது மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு அளவெடுத்து வாங்குங்கள். பெரும்பாலும் வாங்கவே வேண்டியிருக்காது. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் சம்படங்களே போதும்.

அதைவிடப் பெரிய தவறு, பிரித்ததை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதது. கொடுப்பதற்கென்று கட்டிய மூட்டை வாசல் பக்கம் ஒரு வாரம் கிடந்தால், போகிற வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒன்றை உருவி உள்ளே கொண்டு வருவார்கள். இரண்டு நாளுக்குள் போயாக வேண்டும். பழைய பேப்பர்காரரை முதலில் அழைத்து நாள் குறித்துவிட்டு, அதன் பிறகு செய்தித்தாளை எடுத்துக் கட்டுங்கள்.

துணிக்கு வருவோம். சென்னை வியர்வைக்கு ஒரு முறை உடுத்திய சட்டை அழுக்குக் கூடைக்கும் போகாது, பீரோவுக்கும் போகாது. அந்த நாற்காலி மலை அப்படித்தான் உருவாகிறது. ஆளுக்கு இரண்டு கொக்கி, கதவின் பின்புறம். இரண்டும் நிறைந்தால் ஒன்று துவைக்கப் போக வேண்டும். தொங்கும் இருண்ட துணிகளின் இடுக்கில்தான் டெங்கு கொசு பகலில் ஓய்வெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீரோவில் எதை உடுத்துகிறோம் என்று தெரிய ஓர் எளிய வழி: உடுத்தித் துவைத்ததை எப்போதும் அடுக்கின் வலது பக்கம் வையுங்கள். ஆறு மாதம் கழித்து இடது பக்கத்தில் அசையாமல் இருப்பவை தாமாகவே தெரியும்.

பட்டுப்புடவை தனிக் கதை. உடுத்தாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்; இல்லையென்றால் மடித்த இடத்திலேயே ஜரிகை விண்டுவிடும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நம் கடற்கரை ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். அந்துருண்டையை ஜரிகையில் படும்படி போடக் கூடாது. கைக்குழந்தையின் துணியோடு அந்துருண்டை வேண்டவே வேண்டாம், சில குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். தெருவில் 'பழைய பட்டுப்புடவை வாங்குறது' என்று கூவி வருபவரிடம் கொடுப்பதற்கு முன், பழைய ஜரிகையை எடை பார்த்து வாங்கும் கடை ஒன்றிலாவது விலை கேட்டுவிடுங்கள். வெள்ளி ஜரிகைக்கும் போலி ஜரிகைக்கும் விலை வித்தியாசம் பெரிது.

கொடுக்கும் துணி, நீங்கள் இன்னொருவர் வீட்டுக்கு உடுத்திப் போகக் கூடிய துணியாக இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் போய்ச் சாலையோரம் கொட்டிக் கிடந்த கிழிசல் துணிகள் நிவாரண வேலைக்கே இடைஞ்சலாகின. கிழிந்தது கரித்துணிக்கு, ஒரு வீட்டுக்குப் பத்துக் கரித்துணி போதும்.

சமையலறையில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ரவை, மைதா, பருப்பில் வண்டு பாருங்கள். ஓட்டலிலிருந்து வந்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்ளது பத்து வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புங்கள். 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வாங்கிய டிரம்களையும் குடங்களையும் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்தப் பயம் நியாயமானது, அதனால் அவற்றைக் கொடுக்க மனம் வருவதில்லை. சரி, இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், காய வைத்து, மூடியிட்டு, கவிழ்த்து. பால்கனியில் வாய் திறந்து மழைநீர் தேங்கி நின்றால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். உலர்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவாமல் தண்ணீரை மட்டும் கொட்டுவதில் பயனில்லை.

பாட்டி காலத்துப் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைக் கொடுப்பதானால் இரண்டையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். ஒன்றாகப் போட்டால் எல்லாமே பித்தளை விலைக்குப் போகும். வெண்கல உருளிக்கு மதிப்பு அதிகம். ஈயச் சொம்பு இருந்தால் விற்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ரசத்துக்காகச் சொல்கிறோம், இதில் மனநலம் ஒன்றும் இல்லை. இல்லை, அதுவும் இருக்கலாம்.

பரிசுப் பொருள் ஒரு நோய். நவராத்திரிக்கும் வரலட்சுமி நோன்புக்கும் வந்த ரவிக்கைத் துணி, குங்குமச் சிமிழ், பிளாஸ்டிக் கிண்ணம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வருஷக்கணக்கில் சுற்றுகின்றன. தைக்கப் போதாத பாலியஸ்டர் துண்டு என்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இந்த ஆண்டு நீங்கள் கொடுப்பதை மஞ்சள் பொடி, பனங்கற்கண்டு, வெட்டிவேர் என்று தீர்ந்துபோகும் பொருளாக மாற்றினால், பத்து வீட்டுப் பரணுக்குச் செய்த உதவியாக இருக்கும்.

காகிதம்தான் பலருக்கு அதிகப் பயத்தைத் தருவது. எதையாவது தொலைத்துவிடுவோமோ என்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்வார்கள். பிறகு வேண்டியது கிடைக்காது. மூன்று கோப்பு போதும். முதலாவது என்றைக்கும் அழியக் கூடாதது: வீட்டுப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், மதிப்பெண் சான்றிதழ்கள், ஓய்வூதிய ஆணை, நடப்பிலுள்ள காப்பீட்டுப் பாலிசி, உயில், கேஸ் இணைப்பு வாங்கியபோது கொடுத்த வவுச்சர். இந்தக் கடைசித் தாளைத்தான் எல்லோரும் தொலைப்பார்கள். இணைப்பை ஒப்படைத்து முன்பணம் திரும்பப் பெறும்போது அதைக் கேட்பார்கள். இரண்டாவது கோப்பு சில ஆண்டுகள் இருக்க வேண்டியது: வருமான வரி தொடர்பான தாள்கள் ஏழெட்டு ஆண்டு, சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், வாரண்டி அட்டைகள் அவற்றின் காலம் வரை. மூன்றாவது இந்த ஆண்டு மட்டும்: மின்கட்டணம், போன், வாடகை. ஆண்டு முடிந்ததும் மூன்றாவது கோப்பைக் காலி செய்யுங்கள். கடை ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சானவை, ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும். வாரண்டிக்கு வேண்டியதை அன்றே நகலெடுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் உள்ள தாள்களைக் கிழித்த பிறகே பழைய பேப்பரில் போடுங்கள்.

புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை. பள்ளிப் பாடப்புத்தகம் என்றால், தமிழகப் பாடத்திட்டம் 2018-லிருந்து படிப்படியாக மாறியதால் அதற்கு முந்தையவை மாணவர்களுக்கு உதவாது, எடைக்குப் போடலாம். நாவல், அகராதி, போட்டித் தேர்வு நூல் எல்லாம் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் இன்னொரு கை மாறும். ஆனால் தாத்தா சேர்த்து வைத்த பழந்தமிழ் நூல்கள், நின்றுபோன இதழ்களின் கட்டு, ஓலைச்சுவடி கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள்; 1994-ல் கோட்டையூர்க்காரர் ஒருவரின் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு உருவான நூலகம் அது. ஒரு தனி மனிதர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் கிடைத்தது. எங்கள் வாதத்துக்கே எதிரான சான்றுதான், ஒப்புக்கொள்கிறோம்.

குப்பைக்குப் போவதிலும் வகை உண்டு. காலாவதி மருந்து, பேட்டரி, குழல் விளக்கு, பாதரச வெப்பமானி ஆகியவற்றை 2016 திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. மக்கும் குப்பையிலும் மக்காத குப்பையிலும் கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்சுலின் ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, மேலே 'ஊசி' என்று எழுதுங்கள். உடைந்த கண்ணாடியை நான்கு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி எழுதிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளரின் கைகளை நினையுங்கள். உப்பிய போன் பேட்டரியைக் குப்பை வண்டியில் போட்டால் தீப்பிடிக்கலாம். பழைய போனிலிருந்து சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, தகவலை முழுக்க அழித்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். சோபா, மெத்தை, கட்டில் போன்றவற்றைத் தெருமுனையில் இரவோடு இரவாக வைத்துவிட்டு வராமல், மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டு அனுப்புங்கள். எப்படியும் நாம் எறிவது மறைந்துபோவதில்லை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாக மலையாகக் கிடந்தது நம் 'ஒழித்த வீடு'தான்.

இனி, எல்லாவற்றையும்விடக் கடினமானது: பிறருடைய சாமான். கணவனின் வயர் டப்பாவை மனைவியோ, மாமியாரின் காலி ஹார்லிக்ஸ் புட்டிகளை மருமகளோ கேட்காமல் எறிவதில்தான் பாதிச் சண்டைகள். தன் சாமானை மட்டும் முதலில் ஒழியுங்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தால் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குவார்கள், தொடங்காமலும் போகலாம். வயதானவர்களிடம் 'இதையெல்லாம் தூக்கிப் போட்றலாமாப்பா?' என்றால் எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொள்வார்கள். 'இதுல உங்களுக்கு எது வேணும்னு எடுத்துக் குடுங்கம்மா, பத்திரமா வைக்கிறேன்' என்று கேட்டால் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். கேள்வி ஒன்றுதான், கேட்கும் பக்கம் வேறு. ஞாபகமறதி நோய் உள்ளவர்களின் அறையில் மட்டும் கைவைக்காதீர்கள். பழகிய இடத்தில் பழகிய டம்ளர் இல்லாவிட்டாலே அவர்களுக்குத் திசை தப்பிவிடும். அங்கே தரையையும் வழியையும் மட்டும் சரிசெய்தால் போதும்.

இறந்தவர்களின் பொருளுக்கு அவசரம் கூடாது. காரியம் முடிந்த வாரத்திலேயே உறவினர்கள் சேர்ந்து பீரோவைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள்; உடன் வாழ்ந்தவர் வெற்றுப் பீரோவோடு இருப்பார். உடனே வெளியேற வேண்டியவை மருந்துகள் மட்டும், குறிப்பாகத் தூக்க மாத்திரையும் கடும் வலி மருந்தும். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் கருவி, கட்டில் போன்றவற்றையும் திருப்பிவிடலாம். மூக்குக்கண்ணாடி, கைத்தடி, கடைசியாக உடுத்திய வேட்டி எல்லாம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ இருக்கட்டும். பிறகு ஒரு தகர டப்பா அளவுக்குத் தேர்ந்து வைத்துக்கொள்ளலாம். எதை வைப்பது என்று அவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அல்ல.

எல்லா அடைசலும் சோம்பலோ பழக்கமோ அல்ல என்பதையும் உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். பயனற்றதையும் விட முடியாமல் தவிப்பது, அறைகள் படுக்கவோ சமைக்கவோ உதவாத அளவுக்கு நிறைவது, யாராவது தொட்டால் கடும் பதற்றம் வருவது ஆகியவை சேர்ந்து இருந்தால் அது பொருள் குவிப்புக் கோளாறாக இருக்கலாம். 2013 முதல் மனநல மருத்துவ வகைப்பாட்டில் அதைத் தனி நோயாகவே வைத்திருக்கிறார்கள். அவர் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்தால் நோய் தணியாது. நம்பிக்கை முறியும், சாமான் திரும்பவும் சேரும். சிந்தனைப் பழக்கத்தை மெல்ல மாற்றும் சிகிச்சை இதற்கு உண்டு. அதேபோல, எப்போதும் ஒழுங்காக வைத்திருந்தவரின் வீடு சில மாதங்களில் திடீரென அடைந்துபோனால், 'ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கே' என்று கேட்பதற்கு முன் தூக்கமும் பசியும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். மனச்சோர்வு பல சமயம் கழுவாத பாத்திரத்தில்தான் முதலில் தெரியும். வீட்டை ஒழிப்பது அதற்கு மருந்தாகாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது.

பரண் என்று சொன்னோமே, அது கடைசி வாரத்துக்கு. ஒரு நாளைக்கு ஒரு பகுதி மட்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறாதீர்கள். அகலக் காலுள்ள ஏணி, கீழே பிடிக்க ஓர் ஆள், மூக்குக்கு முகக்கவசம். திரும்ப ஏற்றும் பெட்டி எதுவும் பத்துக் கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதை இனி யாரும் இறக்க மாட்டார்கள். பெட்டியின் முன்பக்கம் உள்ளே இருப்பதை எழுதுங்கள், 'கொலு – மரப்பாச்சி, செட்டியார், படி விரிப்பு' என்பது போல. 'பலவகை' என்று எழுதும் பெட்டி பரணுக்குப் போகக் கூடாது. வாரண்டி முடிந்த டிவியின் அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் அடுத்த வீடு மாறும்போது வேண்டும் என்று வைப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் வீடு மாறுவதாக இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் அது கரப்பானுக்கும் கரையானுக்கும்தான்.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. போகிக்குச் சில நாள் முன்பு மட்டும் பழைய துணி, டயர் முதலியவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளும் மாநகராட்சி, அதை மார்கழி முதல் தேதியிலேயே தொடங்கி, வார்டு வாரியாக எந்தக் கிழமை எந்தப் பொருள் என்று அறிவிக்க வேண்டும். கடைசி மூன்று நாளில் எல்லோரும் ஒன்றாகக் கொட்டினால் வண்டியும் போதாது, ஆளும் போதாது. மிஞ்சுவது விடிகாலையில் எரியும். அந்தக் கிழமைப் பட்டியலைத் தாங்கள் மாதம் முழுவதும் வாரம் ஒரு முறையாவது முதல் பக்கத்தின் கீழே ஒரு கட்டமாக வெளியிட வேண்டும். வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
குடும்ப ஆலோசனைப் பணியிலும் வீடு ஒழித்துக் கொடுக்கும் வேலையிலும் இருக்கும் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.